அந்தக் காருக்குப் பாடி கட்டியவர் எங்கள் அண்ணன்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வெயிலையும் பஸ் நெரிசலையும் பார்க்காமல் வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதிக்கொள்வது.

அச்சகத்தில் ஒரு மாதிரிக் கட்டுரை கொடுத்தார்கள். "பேரை மட்டும் மாத்திக் குடும்மா, மீதியெல்லாம் எல்லாருக்கும் பொருந்தும்" என்றார் அச்சகக்காரர். படித்துப் பார்த்தேன். பண்பின் சிகரமாம், பாசத்தின் ஊற்றாம், புன்னகை மாறாதவராம். எங்கள் அண்ணன் புன்னகை மாறாதவர் இல்லை. ஆணி அடித்த இடத்தில் தகடு பிளந்திருந்தால் அன்றைக்கு யாரும் அவர் பக்கத்தில் போக முடியாது. பசி தாங்க மாட்டார். தொலைக்காட்சியில் கார் விளம்பரம் வந்தால், "கதவு இடுக்கைப் பாரு, கை போவுது" என்று திட்டுவார். எல்லாருக்கும் பொருந்துகிற கட்டுரை அவருக்குப் பொருந்தாது. அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். பெரியப்பா, "நெனவு நாள்ல இதெல்லாம் எதுக்கும்மா, நல்லதா நாலு வார்த்தை எழுதிட்டுப் போ" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. நல்லதாகத்தான் எழுதுகிறேன். நல்லது செய்தது யார் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருவில் பிறந்தவர். அப்போது அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். நிலமெல்லாம் மனைகளாக மாறிய பிறகு, அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றப் போனார். அண்ணன் பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தும் மேலே படிக்கவில்லை. பூந்தமல்லியில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து வரும்போது பஸ் பஸ்ஸாக வராது. ஷாஸி என்கிற பத்துப் பன்னிரண்டு மீட்டர் இரும்புச் சட்டம், சக்கரம், இன்ஜின், ஒரு ஸ்டியரிங், அவ்வளவுதான். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டி வருவார். அந்த எலும்புக்கூட்டை வாங்கி வைத்து, கூரை, ஜன்னல், கதவு, சீட் எல்லாம் கட்டி, ஐம்பது பேர் ஏறுகிற பஸ்ஸாக வெளியே அனுப்புகிறவர்கள்தான் பாடி கட்டுகிறவர்கள்.

அண்ணனுக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம். நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதன்பிறகு என் பள்ளிக்கூடப் படிவங்களில் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் அண்ணன்தான் போட்டார். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "பொம்பளப் புள்ளைக்கு கார் படிப்பு எதுக்குடா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டவர்களில் சிலர் இன்றைக்கும் இங்கே வந்திருக்கிறீர்கள். அண்ணன் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். "ஓட்றதுக்குத்தான் மாமா லைசன்ஸு கேப்பாங்கோ. படிக்கறதுக்குமா கேக்கறாங்கோ?" அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு சொந்தமாகப் பூந்தமல்லி பைபாஸை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டார். வீடு வேப்பம்பட்டுக்கு மாறியது. கொட்டகையில் மொத்தம் நான்கு பேர். தகடு வேலைக்கு அண்ணன். மர வேலைக்கு ஏழுமலை மாமா. பெயின்டுக்குக் காதர் பாய். சீட் தைக்க மேரி அக்கா. பள்ளிக்கூட வேன், மினி பஸ், கல்யாணத்துக்கு வாடகை விடும் டெம்போ என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் அந்தக் கார் வந்தது.

காரின் பெயரையும் அதன் முதலாளியின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

லாரியில் தார்ப்பாய் போர்த்தி வந்தது. தார்ப்பாயை எடுத்ததும் முன்பக்கம் கண்ணைப் பறித்தது. கோயில் முகப்பு மாதிரி நிமிர்ந்த ரேடியேட்டர், ஆள் படுக்கிற நீளத்துக்கு பானெட், சொம்பு மாதிரி இரண்டு விளக்குகள். அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் பலகை அடித்து வைத்திருந்தார்கள். யாரோ ஒரு ஜமீன் வாங்கிய கார், கைமாறிக் கைமாறிக் கடைசியில் பாடியை அறுத்துவிட்டுச் செங்கல் ஏற்ற வைத்துக்கொண்டார்களாம். "முன்னாடி மகாராஜா, பின்னாடி மாட்டு வண்டி" என்றார் ஏழுமலை மாமா.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். இந்த மாதிரிக் கார்களைப் பற்றி ராப்பகலாகப் படித்து வைத்திருந்ததால் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்தில் சொகுசுக் கார் கம்பெனிகள் இன்ஜினும் சட்டமும் மட்டும்தான் செய்து கொடுப்பார்கள், வாங்குகிறவர் அதைத் தனியாகப் பாடி கட்டுகிறவரிடம் கொண்டுபோய்த் தன் இஷ்டப்படி கட்டிக்கொள்வார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அண்ணன் கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டார்.

"அட, அப்ப நம்ம தொழிலு மாமே! வெள்ளைக்காரனும் ஷாஸிய வாங்கி பாடி கட்டிகினுதான் இருந்துகீறான்!"

அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

முதலாளியிடம் அந்தக் காரின் பழைய படங்கள் மூன்று இருந்தன. மூன்றும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. காரின் பின்பக்கம் எந்தப் படத்திலும் இல்லை. அண்ணன் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் காரை முழு அளவில் வரைந்தார். இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய தேக்கு உத்தரங்களை ஏழுமலை மாமா தேடிப் பிடித்து, வளைவு வளைவாக அறுத்துக் கூடு கட்டினார். அதன் மேல் போர்த்த அலுமினியத் தகட்டை, மணல் மூட்டைமேல் வைத்து, மரச் சுத்தியலால் அண்ணன் தட்டித் தட்டி வளைத்தார். ஒரு பக்கச் சக்கரத்தின் மட்கார்டுக்கு மட்டும் ஆறு வாரம். மூன்று தடவை தூக்கி எறிந்துவிட்டு நான்காவதுதான் வைத்தார். பின்பக்கத்தை அவரே யோசித்து, மழைத்துளி சரிகிற மாதிரி இறக்கினார். ஒன்றரை வருஷம் ஆனது.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். இந்த இடத்தில் கோடு சரியில்லை, அந்த இடத்தில் வளைவு அதிகம் என்று. பாதிக்குப் பாதி அவர் கேட்டுக்கொள்வார். ஒரே ஒரு விஷயத்தில் கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

கதவுகளுக்கு மேலே, கூரை ஓரத்தில், மெல்லிய விளிம்பு ஒன்றை அடித்து வைத்தார். கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் கதவுமேல் வழியாமல் அந்த விளிம்போடு ஓடிப் பின்னால் போய் இறங்கும். பஸ்ஸுக்கு எல்லாம் வைப்பார்கள். கொட்டகையில் அதற்குப் பெயர் வாய்க்கால். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"அண்ணா, இது எந்தப் படத்திலயும் இல்ல."

"படம் புடிச்ச அன்னிக்கு மழ இல்ல பாப்பா."

"இது பஸ் இல்லண்ணா, சொகுசுக் கார்!"

"இன்னா சொகுசு? மழைல கதவத் தொறந்தா மேல கீற தண்ணி பூரா மடியில ஊத்தும். பட்டு வேட்டி கட்டிகினு வந்தவன் ஈரத் துண்டாட்டம் எறங்குவான். அதான் சொகுசா?"

காதர் பாய் எனக்குப் பரிந்து பேசினார். "பாப்பா சொல்றதும் ஞாயந்தான் நைனா. ஏரோப்ளேனுக்கு ஓலக் கூர வேஞ்சாப்ல கீது."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் விளிம்பை எடுக்கவில்லை. அசிங்கம் என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். இரண்டு வாரம் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

வேலை முடிகிற சமயம் முதலாளியின் மேனேஜர் என்னிடம் வந்தார். பழைய கார்களின் கண்காட்சி ஒன்று நடக்கப்போகிறது, காரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கேட்டதும் துள்ளிக் குதித்தேன். பன்னிரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில், பாடி முழுவதும் பூந்தமல்லியில் புதிதாகக் கட்டப்பட்டது, கட்டியவர்கள் இன்னார் என்று நான்கு பேரையும் எழுதினேன். அடுத்த பக்கங்களில், புதிதாகச் செய்த ஒவ்வொரு பகுதியின் பட்டியல். அந்தப் பட்டியலில் வாய்க்காலை மட்டும் விட்டுவிட்டேன். பழைய படத்தில் இல்லாத ஒன்றை எங்கள் அண்ணன் சேர்த்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்ல வெட்கம். அண்ணனின் வேலையைப் பார்த்து நான் வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். அது எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

கண்காட்சிக்கு நான், அண்ணன், அண்ணி மூன்று பேரும் வேப்பம்பட்டிலிருந்து ரயில் ஏறிப் போனோம். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. புல்வெளியில் கார்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அண்ணன் கயிற்றைத் தாண்டிப் போய், கை ரேகை பட்டிருந்த ஓர் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். மேனேஜர் ஓடி வந்தார். "கொஞ்சம் வெளிய நில்லுங்க, போட்டோல விழறீங்க."

வெளியே நின்றோம். காருக்குப் பக்கத்தில் பலகை. நான் எழுதியதன் சுருக்கம்தான். முதல் பக்கம் மட்டும் இல்லை. அதற்குப் பதில், பழைய பாடியைச் சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு வரி. கூடவே, அங்கங்கே சில பகுதிகள் மட்டும் மாற்றப்பட்டன என்று எழுதி, என் பட்டியலில் பாதியை மட்டும் போட்டிருந்தார்கள்.

நடுவராக வந்தவர் வயதானவர், விவரம் தெரிந்தவர். டார்ச் அடித்துக் குனிந்து குனிந்து பார்த்தார். கதவுக்கு மேலே அந்த விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஓட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். நம் ஊர் மழையை நினைத்து அந்தக் காலத்து வெளிநாட்டுக் கைவினைஞர் செய்தது இது. மாற்றிய பகுதிகளின் பட்டியலிலும் இல்லை. ஆகவே காரோடு பிறந்தது. இவ்வளவு கரிசனம் இன்றைக்கு யாருக்கு வரும்?

முதலாளி ஆமாம் என்று தலையாட்டினார். கை தட்டினார்கள்.

"இன்னா சொல்றாரு பாப்பா?" என்றார் அண்ணன். சொன்னேன்.

"ஏங்க, உங்களை வெள்ளைக்காரனாவே ஆக்கிட்டாங்கோ" என்று அண்ணி சிரித்தார். அண்ணனும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் கயிற்றைத் தூக்கினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க வேணாம். நாம கட்னது நல்லா இல்லன்னா சொன்னாரு?"

அதைக் கேட்டு நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். முதல் பரிசு அந்தக் காருக்குத்தான்.

நீங்கள் பஸ்ஸில் போகும்போது டிரைவர் தலைக்கு மேலே பார்த்திருப்பீர்கள். பாடி கட்டிய பட்டறையின் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். யாரும் கேட்டு எழுதுவதில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்வதுமில்லை. வண்டி வெளியே போவதற்கு முன் கடைசியாக எழுதுவது அதுதான். அது தொழிலின் வழக்கம். அண்ணன் அந்த வெள்ளைச் சட்டையை மறுபடியும் போட்டுக்கொண்டு முதலாளியிடம் போனார். வெளியே தெரிய வேண்டாம், பானெட்டுக்குள்ளே தீப்பெட்டி அளவு இடம் போதும், நான்கு பெயர் எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டார். "பார்க்கலாம்" என்றார் முதலாளி. மூன்று தடவை போனார். மூன்று தடவையும் அதே பதில். கடைசியில் மேனேஜர் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "இப்போ போய்ப் பேர் போட்டா வாங்கின பரிசே பொய்னு ஆயிடுமே, புரிஞ்சுக்குங்க."

அண்ணன், "புரியுது சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

புரியுதாம்! எனக்கு இந்த வருஷம் முழுவதும் புரியவில்லை. பரிசு பொய் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பையும் எங்கள் அண்ணன் தலையிலேயே வைத்திருக்கிறார்கள். அவரும் சரி என்று தலையைக் கொடுத்திருக்கிறார். இறந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த "புரியுது சார்" மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

அதன் பிறகு வயிற்று வலி என்று போனவருக்குக் கணையத்தில் நோய் என்றார்கள். நான்கு மாதம். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஆவடிக்காரர் ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறவர். அண்ணன் அவரிடம் போனில் காரின் படத்தைக் காட்டினார்.

"ஐய, கலாய்க்காத அண்ணாத்தே. இது ஃபாரின் வண்டி" என்றார் அவர்.

"பாடி நான் கட்னது."

"அப்ப நான் ஏரோப்ளேன் ஓட்றவன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ சொல்லு. இவுரு நம்ப மாட்றாரு."

நான் சொன்னேன். கொட்டகையில் எடுத்த படங்களைக் காட்டினேன். சாக்பீஸ் சுவர், மரக்கூடு, மணல் மூட்டை. அவர் எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, கட்டிலிலிருந்து இறங்கி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "கையக் குடு அண்ணாத்தே" என்றார். அண்ணன் வாழ்நாளில் அந்தக் காருக்காக அவர் கையைப் பிடித்தவர் அந்த ஒருவர்தான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற யாருக்காவது தெரிந்தால் அவருக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

சாவுக்கு முதலாளியிடமிருந்து மாலை வந்தது. இருந்ததிலேயே பெரிய மாலை. அதில் அனுப்பியவரின் பெயர் இருந்தது. பெரிய எழுத்தில்.

போன மாதம் மேனேஜர் வேப்பம்பட்டு வீட்டுக்கு வந்தார். நினைவு மலரைப் பளபளக்கும் தாளில், கலரில், முதலாளியே அச்சடித்துத் தருகிறாராம். "கார் விஷயம் மட்டும் வேண்டாம், அது ஐயாவோட சொந்த விஷயம் பாருங்க. கொட்டகைல எடுத்த படங்களையும் கொடுத்துட்டா நாங்களே பத்திரமா வச்சுக்குவோம்." அப்போது அண்ணி நடத்துகிற கொட்டகையில் பழைய கார்கள் இரண்டு நின்றுகொண்டிருந்தன. இரண்டும் முதலாளியின் நண்பர்களுடையவை. அதை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் பேசினார்.

அம்மா பயந்துவிட்டார். "பெரிய எடத்துப் பகை நமக்கு இன்னாத்துக்கு? போனவன் போயிட்டான். இருக்கறவங்க சோறு துன்ன வேணாமா?" அம்மா சொன்னதில் தப்பில்லை. அந்த இரண்டு காரை நம்பித்தான் நான்கு குடும்பங்கள் இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினார்.

"சார், உங்க ஐயா ஊட்டு விசேசத்துல எங்க ஊட்டுக்காரு பேரு வேணாம்னாங்கோ. சரின்னு உட்டுட்டோம். இது எங்க ஊட்டு விசேசம். இங்கயுமா அவுரு பேரு வேணாம்?"

மேனேஜர் எழுந்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சாச்சு. காபி ஆறுது, குடிங்க."

அடுத்த வாரம் லாரி வந்தது. இரண்டு கார்களையும் பாதி வேலையோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு காரின் மரக்கூட்டுக்குத் தகடுகூடப் போர்த்தவில்லை. ஏழுமலை மாமா லாரி திரும்புகிற வரை அதன்மேல் தூசி படாமல் துணியைக் கட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத அச்சகத்தார் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். அந்தக் காரின் இன்ஜினும் சட்டமும் முன்பக்கமும் வெளிநாட்டில் செய்தவை. அதற்குப் பின்னால் கை படுகிற இடமெல்லாம் பூந்தமல்லியில் செய்தது. மரம் ஏழுமலை மாமா. வண்ணம் காதர் பாய். சீட்டும் கூரைத் துணியும் மேரி அக்கா. தகடு முழுவதும், கதவின் மேல் ஓடும் அந்த வாய்க்கால் உட்பட, எங்கள் அண்ணன். அது அசிங்கம் என்று நான் சொன்னது தவறு. பட்டியலில் எழுதாமல் விட்டது அதைவிடத் தவறு. இரண்டையும் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். கொட்டகையில் எடுத்த படங்கள் அடுத்த நான்கு பக்கங்களில் இருக்கின்றன.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நான்கு மாதமும் முறை வைத்து ஆஸ்பத்திரியில் தங்கிய கொட்டகைக்காரர்களுக்கு. ரத்தம் கொடுத்த வேப்பம்பட்டுப் பிள்ளைகளுக்கு. சாதாரணத் தாள்தான் என்றாலும் படங்கள் தெளிவாக வரும்வரை இரண்டு முறை அச்சடித்துக் கொடுத்த அச்சகக்காரருக்கு. லாரி வந்து போன மறுநாளே பள்ளிக்கூட வேன் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்திய பெரியப்பாவுக்கு. பெரியப்பா, நீங்கள் வேண்டாம் என்று சொன்னதையும் எழுதினேன், செய்ததையும் எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. முதலாளிக்கு அண்ணியே நேரில் போய் அழைப்பு வைத்துவிட்டு வந்திருக்கிறார். வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். வந்தால் வாங்க என்று கூப்பிடுங்கள். யாரும் முறைக்க வேண்டாம், குத்திப் பேச வேண்டாம், இது அண்ணியின் கட்டளை. எல்லாருக்கும் போடுகிற இலைதான் அவருக்கும். மலரை அண்ணி தன் கையாலேயே அவரிடம் கொடுப்பார். அவர் இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும், தயவு செய்து, யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.